ஏழரை டன்

கல்லிடைக்குறிச்சி,
பங்குனி, ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள கணபதி,

உன் கடிதம் வந்தது தை மாதம். இப்போது பங்குனி. திட்டுவதை எல்லாம் நேரில் வரும்போது வைத்துக்கொள். இங்கே எல்லாரும் சுகம். ஈஸ்வரிக்கு முட்டுவலி அப்படியே இருக்கிறது, பையன் ஓசூரிலேயே இருக்கிறான், ஆற்றில் தண்ணீர் கிடக்கிறது. தங்கச்சியைக் கேட்டதாகச் சொல். சம்பிரதாயம் முடிந்தது.

போன வாரம் மந்திரம் வந்திருந்தான். நீ ரிட்டயர்மெண்ட் பணத்தில் ஐம்பது எச்பி டிராக்டரும் இரண்டு டிரெய்லரும் வாங்கப் போகிறாயாம். அவன் மகன் ஓட்டப் போகிறானாம். செங்கல், எம்சாண்ட், வைக்கோல், வாழைத்தார் என்று வாடகைக்கு விட்டால் மாதம் நாற்பதாயிரம் கையில் நிற்குமாம். ஏற்கெனவே மடியில் கட்டிவிட்ட பணத்தை எண்ணுகிற மாதிரி எண்ணிக்கொண்டிருந்தான். ஏலே, நீ முப்பத்திரண்டு வருஷம் பேங்கில் உட்கார்ந்து ஊரான் வாங்குகிற டிராக்டருக்கு எல்லாம் கடன் கொடுத்தவன். எத்தனை ஆர்சி புத்தகத்தைப் புரட்டியிருப்பாய். அதில் எடை என்று ஒரு கட்டம் இருக்கிறதே, ஒரு தடவையாவது படித்தாயா?

கோபித்துக்கொள்ளாதே. பதினோரு வருஷம் வண்டி வைத்திருந்தும் மாசி மாதம் வரைக்கும் நானும் படிக்கவில்லை.

என் மருமகன் வீரவநல்லூரில் வீடு கட்டுகிறான். சூளையில் இரண்டாயிரம் கல்லுக்குப் பேசியிருந்தோம். அன்று காலையில் நம் டிரைவர் இசக்கி வந்து, "அண்ணாச்சி, ஆயிரம் ஆயிரமா ரெண்டு நடை அடிச்சுரட்டுமா?" என்று கேட்டான். நான் திண்ணையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். பேப்பரை இறக்கக்கூட இல்லை. "டீசலுக்கு யாருல கொடுப்பா? ஒரே நடையில கொண்டாந்துரு" என்றேன்.

கன்னடியன் கால்வாய்ப் பாலத்துக்கு ஏறுகிற மேடு உனக்கு மறந்திருக்காது. மூன்று பேர் ஒரே சைக்கிளில் ஏறி, பரமசிவம் சார் காலடியில் போய் விழுந்தோமே, அதே மேடுதான். நம் டிரெய்லர் இரண்டு சக்கரம். பின்கதவுக் கொண்டி ரொம்ப நாளாகவே சரியாக விழாது. அதற்குப் பயந்து ஏற்றுகிற ஆட்கள் கல்லை எல்லாம் முன்பக்கமாகத் தள்ளி அடுக்கிவிட்டார்கள். பாதி மேடு ஏறியதும் டிராக்டரின் முன்சக்கரம் இரண்டும் தரையை விட்டு ஒரு சாண் எழும்பிவிட்டன. ஸ்டியரிங்கைத் திருப்பினால் சக்கரம் காற்றில் திரும்புகிறது. இசக்கி பயந்துபோய்க் கிளட்சை மிதித்துவிட்டான். கியர் விட்டதும் வண்டி பின்னால் உருள ஆரம்பித்தது. பிரேக்கை மிதித்திருக்கிறான். டிராக்டருக்கு பிரேக் பெடல் இரண்டு. வயலில் திருப்புவதற்கு வலதும் இடதும் தனித்தனியாக இருக்கும், ரோட்டுக்கு வரும்போது இரண்டையும் சேர்த்துக் கொண்டி போட வேண்டும். போடவில்லை. ஒரு பக்கம் மட்டும் பிடித்தது. டிராக்டர் ஒரு பக்கம் முறுக்க, டிரெய்லர் மறுபக்கம் மடங்கிக் கால்வாய்க் கரையில் கவிழ்ந்தது.

இசக்கி குதித்துவிட்டான். குதித்த இடத்தில் கல் சரிந்து வலது கணுக்கால் இரண்டு இடத்தில் முறிந்துவிட்டது. ஐகிரவுண்ட் ஆஸ்பத்திரியில் பன்னிரண்டு நாள் இருந்தான், உள்ளே பிளேட் வைத்திருக்கிறார்கள். நன்றாகப் பார்த்தார்கள். உயிருக்கு ஒன்றும் இல்லை. ஆனால் கணபதி, அந்த இடத்தில் துவைத்துக்கொண்டிருந்த மூன்று பெண்கள் கொஞ்ச நேரத்துக்கு முன்னால்தான் வாளியைத் தூக்கிக்கொண்டு கரையேறிப் போயிருக்கிறார்கள். துவைகல்லில் சோப்பு நுரை காயவில்லை, அதன்மேல் நம் செங்கல் கிடந்தது. அதை நான் கண்ணால் பார்த்தேன்.

சரி, கணக்குக்கு வருகிறேன். பரமசிவம் சார் இருந்திருந்தால் என்னை பெஞ்சு மேல் ஏற்றியிருப்பார்.

டிரெய்லருக்குத் தனி நம்பர், தனி ஆர்சி. எங்கள் வீட்டில் அது பீரோவுக்குள் பழைய காலண்டருக்கு அடியில் இருந்தது. காலி எடை 1,380 கிலோ, மொத்த எடை 4,500 கிலோ என்று போட்டிருக்கிறது. யாராவது கேட்டால் "நாலரை டன் வண்டி" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்லிக்கொண்டு திரிந்தேன் இத்தனை வருஷம். நாலரைக்குள் வண்டியின் சொந்த எடையும் அடக்கம் என்று உறைக்கவே இல்லை. கழித்துப் பார்த்தால் ஏற்றக்கூடியது 3,120 கிலோ. சேம்பர் சூளைச் செங்கல் ஒன்று மூன்று கிலோ வரும். ஆயிரம் கல்லோடு கோட்டா தீர்ந்தது. இசக்கி ஆயிரம் ஆயிரமாகக் கேட்டதுதான் சரியான கணக்கு. அவன் எட்டாம் வகுப்பு. நான் பி.காம்.

இரண்டாயிரம் கல் ஆறு டன். டிரெய்லரையும் சேர்த்தால் 7,380 கிலோ, ஏழரைக்குக் கொஞ்சம் குறைச்சல். முன்னால் இழுத்த டிராக்டரின் எடை சுமார் இரண்டு டன். எனக்கு ஏழரை முடிந்து நாலு வருஷம் ஆகிறது என்று ஜோசியர் சொன்னார். எங்கே முடிந்தது? கொக்கியில் மாட்டிக்கொண்டு பின்னாலேயேதான் வந்திருக்கிறது.

மந்திரம் ஐம்பது எச்பி, ஐம்பது எச்பி என்று சொல்லும்போதெல்லாம் எனக்கு வயிற்றைக் கலக்கியது. எச்பி இழுப்பதற்கு. இறக்கத்தில் வண்டியை யார் நிறுத்துவது? என் டிரெய்லரில் பிரேக் கிடையாது. பின்னால் வருகிற அத்தனை டன்னையும் டிராக்டரின் பின்சக்கரம் இரண்டுதான் பிடிக்க வேண்டும்.

வக்கீல் சுப்பையாவிடம் போனேன். (வழக்கம்போல் காபி வாங்கித் தரச் சொன்னான்.) மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 113 என்று எடுத்துக் காட்டினான். ஆர்சியில் எழுதியிருக்கிற மொத்த எடைக்கு மேல் வண்டியோ டிரெய்லரோ ரோட்டில் ஓடக் கூடாது. மீறினால் பிரிவு 194. 2019 செப்டம்பர் 1 முதல் அபராதம் 20,000 ரூபாய், அதோடு கூடுதலாக இருக்கும் ஒவ்வொரு டன்னுக்கும் 2,000. அதிகப்படிச் சரக்கை அங்கேயே இறக்க வேண்டும், இறக்குகிற கூலியும் நம் தலையில். நிறுத்தி எடை போடச் சொல்லும்போது நிற்காமல் போனால் 40,000. சரக்கு பக்கவாட்டிலோ பின்னாலோ உயரத்திலோ அளவுக்கு மீறி நீட்டிக்கொண்டிருந்தால் அதற்கும் 20,000. இந்தக் கடைசி ஒன்று வைக்கோலுக்கு. பிசான நெல் அறுப்பு முடிந்து, ரோட்டையே அடைத்துக்கொண்டு வைக்கோல் படப்பு நகர்ந்து வருகிற மாதிரி வருவார்களே, எடை ஒன்றும் இருக்காது, ஆனால் இதில் மாட்டுவார்கள். மந்திரத்தின் நாற்பதாயிரத்தில் வைக்கோலும் உண்டு, ஞாபகம் வைத்துக்கொள்.

பணத்தை விடு. 194இல் ஒரு இடத்தில் சுப்பையா விரலை வைத்துக் காட்டினான். ஓட்டுகிறவனோடு அது நிற்கவில்லை. ஓட்டச் செய்தவர், ஓட்ட அனுமதித்தவர் என்று போகிறது. "இது நீதான்வே" என்றான் சுப்பையா. திண்ணையில் பேப்பரை இறக்காமல் உட்கார்ந்திருந்தவனைச் சட்டம் எழுதியவர்கள் எப்போதோ பார்த்திருக்கிறார்கள். காபி இறங்கவில்லை எனக்கு.

இன்சூரன்ஸ் கதை சின்னது. சர்வேயர் வந்தார், நல்ல பிள்ளை. டிரெய்லருக்கு பிரீமியம் கட்டியிருக்கிறதா, விவசாய வேலையா வேறு வேலையா, எத்தனை கல், மூன்றே கேள்வி. மூன்றுக்கும் என்னிடம் நல்ல பதில் இல்லை. கிடைத்தது பூஜ்யம். இசக்கிக்கு ஆகிற செலவை எல்லாம் நானே பார்த்துக்கொள்கிறேன், அது பெருமையாகச் சொல்கிற விஷயம் இல்லை. நீ வாங்கினால் டிராக்டர் பாலிசியில் டிரெய்லர் இரண்டும் ஏறியிருக்கிறதா என்று பார். வாடகைக்கு விடுவதென்றால் விவசாய வண்டி என்று எழுதி வாங்கிவிட்டு அப்புறம் கல் அடிக்காதே. மட்கார்டில் ஆள் உட்காரவே கூடாது. டிராக்டர் என்றால் தன் மேல் எந்தச் சுமையும் ஏற்றுவதற்காகச் செய்யப்படாத வண்டி என்றுதான் சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. நாம் நாத்து நடுகைக்கு எத்தனை பேரை அதில் தொற்றவிட்டிருக்கிறோம்.

லைசென்ஸைப் பற்றி மந்திரம் ஒரே ஜம்பம் அடித்தான். 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தில் ஐந்து நீதிபதிகள் உட்கார்ந்து, மொத்த எடை 7,500 கிலோவுக்குள் இருக்கிற போக்குவரத்து வண்டியை எல்எம்வி, அதாவது இலகுரக வண்டி லைசென்ஸிலேயே ஓட்டலாம் என்று சொன்னது வாஸ்தவம்தான். (பார்த்தாயா, அங்கேயும் ஏழரை!) அது ஓட்டுகிறவனின் லைசென்ஸுக்குச் சொன்னது. ஆர்சியில் இருக்கிற 4,500ஐ அது கூட்டிவிடாது. இதை மந்திரத்துக்குப் புரியவைக்க எனக்கு இரண்டு டீ ஆயிற்று, இன்னும் புரிந்ததாகத் தெரியவில்லை.

இப்போது நான் கண்டுபிடித்த ஒன்றைச் சொல்கிறேன், சிரிக்காதே. என் தம்பி மகன் டெக்ஸாஸில் இருக்கிறானே, அவனிடம் போனில் புலம்பினேன். அங்கே காரில் டிரைவர் கதவைத் திறந்தால், ஆளும் சாமானும் சேர்ந்து இத்தனை பவுண்டுக்கு மேல் கூடாது என்று தூணில் ஸ்டிக்கர் ஒட்டியிருக்குமாம். அவன் படகு டிரெய்லர் இழுக்கிறவன். டிரெய்லரின் மொத்த எடையில் நூற்றுக்குப் பத்திலிருந்து பதினைந்து வரை கொக்கி மேல் இறங்க வேண்டும், குறைந்தால் பின்னால் வாலாட்டும், ரொம்பக் கூடினால் முன்சக்கரம் லேசாகிவிடும் என்றான். கேட்டதும் எனக்குத் தாத்தா ஞாபகம் வந்துவிட்டது. மூடை ஏற்றியதும் மாடு பூட்டுவதற்கு முன்னால் நுகத்தடியை ஒரு கையால் தூக்கிப் பார்ப்பாரே! "பின்பாரம்ல, ரெண்டு மூடையை முன்னால தள்ளு" என்பார். மாட்டின் கழுத்துக்குத் தெரிந்தது டிராக்டருக்குச் சொல்லத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

டிரெய்லரைப் பட்டறையில் நிமிர்த்தி எடுத்து வந்ததும், ஆயிரம் கல் ஏற்றி அம்பாசமுத்திரம் ரோட்டு எடை மேடைக்குப் போனேன். முதலில் டிரெய்லரை மட்டும் கழற்றி, முன்னால் ஜாக்கி கொடுத்து மேடையில் நிறுத்தினோம். 4,400. அப்புறம் கொக்கியில் மாட்டி, டிராக்டரை மேடைக்கு வெளியே தள்ளி, டிரெய்லர் சக்கரம் மட்டும் மேடையில் நிற்கிற மாதிரி வைத்தோம். 3,920. நடுவில் காணாமல் போன 480 கிலோ டிராக்டரின் முதுகில் உட்கார்ந்திருக்கிறது! கிட்டத்தட்ட நூற்றுக்குப் பதினொன்று. விடுவேனா? இரண்டு ஆளை வைத்துக் கல்லை எல்லாம், அன்று சூளையில் அடுக்கிய மாதிரி, முன்னால் மாற்றி அடுக்கச் சொன்னேன். சிவப்பு நம்பர் மினுக்கி மினுக்கி 3,350இல் வந்து நின்றது. ஒரு டன்னுக்கு மேல் கொக்கியில். வெறும் ஆயிரம் கல்லுக்கே இது. இரண்டாயிரத்துக்கு நீயே போட்டுக்கொள். எடை மேடைக்காரத் தம்பி, "அண்ணாச்சி, என்ன ஆராய்ச்சியா, வெளிய லாரி நிக்கி" என்று சத்தம் போட்டான். மூன்று சீட்டையும் சட்டைப் பையில் வைத்திருக்கிறேன், நீ வந்தால் காட்டுவதற்கு.

எம்சாண்ட் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மந்திரம் யூனிட் கணக்கில்தான் பேசுவான், டன் கணக்கு அவன் வாயில் வராது. ஒரு யூனிட் நூறு கன அடி, நாலரை டன் பக்கம் வரும், நனைந்திருந்தால் அதற்கும் மேல். என் வண்டி மாதிரி டிரெய்லரில் ஒரே ஒரு யூனிட் போட்டாலே சட்டம் தாண்டியாயிற்று. ரோட்டில் போகிற டிராக்டரில் எல்லாம் எத்தனை யூனிட் கிடக்கிறது என்று இனிமேல் எண்ணிப் பார், தூக்கம் வராது.

வாங்காதே என்று நான் சொல்லவில்லை. உனக்கு மண்ணில் ஆசை, தெரியும். அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் டிரெய்லரின் காலி எடையையும் மொத்த எடையையும் எழுதி வாங்கி எனக்கு அனுப்பு. அதை வைத்து எத்தனை நடை, எத்தனை டீசல், எவ்வளவு நிற்கும் என்று மறுபடி போடுவோம். நாற்பதாயிரம் வராது. பதினைந்து வந்தால் உன் அதிர்ஷ்டம்.

இசக்கி இப்போது கம்பு ஊன்றி நடக்கிறான். சாயங்காலம் வந்து திண்ணையில் உட்காருகிறான். என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் கஷ்டமாக இருக்கிறது. நேற்று, பேங்க் அண்ணாச்சி வண்டி வாங்கினால் தன்னையே டிரைவராக வைத்துக்கொள்ளச் சொன்னான். கால் சரியாகட்டும் என்றேன். கல்லைத் தான்தான் எண்ணி ஏற்றுவானாம்.

சித்திரை விசுவுக்கு வந்துவிடு. பாபநாசம் போவோம். குடையை எடுத்து வர மறக்காதே.

உன்,
ஆறுமுகம்.

பி.கு. பின்கதவுக் கொண்டியைப் பட்டறையில் மாற்றிவிட்டேன். முன்னூற்றைம்பது ரூபாய் ஆயிற்று.