பதக்கத்தோடு கீதத்தையும் கொடுங்கள்: செபாஸ்டியன் கோவுக்கு ஒரு திறந்த மடல்

உலகத் தடகள அமைப்பின் தலைவர் அவர்களுக்கு,

வணக்கம். 2011 மார்ச், பாரிஸ். ஐரோப்பிய உள்ளரங்கத் தடகளப் போட்டியில் பெண்கள் 800 மீட்டர் பரிசளிப்பு. இரண்டாம் படியில் இங்கிலாந்தின் வீகன் ஊர்க்காரர் ஜென்னி மெடோஸ். முதல் படியில் ஜினுரோவா, மூன்றாவதில் யூலியா ருசனோவா, இருவரும் ரஷ்யர்கள். ஒலித்தது ரஷ்ய கீதம். பிற்பாடு ஊக்கமருந்துக் குற்றத்துக்காக அந்த இருவரின் பதக்கங்களும் பறிபோயின. தங்கம் மெடோஸுக்கு வந்தது. அவருக்காக ஒலித்திருக்க வேண்டிய கீதம் அன்று ஒலிக்காமலே போனது.

அதற்கு முந்தைய ஆண்டு பார்சிலோனாவில் நடந்த ஐரோப்பியப் போட்டியின் 800 மீட்டரில் அவருக்கு வெண்கலம். தங்கம் ரஷ்யாவின் மரியா சவினோவாவுக்கு. 2011இல் தென்கொரியாவின் தேகுவில் நடந்த உலகப் போட்டியில் மெடோஸ் அரையிறுதியோடு வெளியேற, அங்கேயும் சவினோவா தங்கம் வென்றார். 2012 லண்டன் ஒலிம்பிக்கை மெடோஸ் குதிகால் தசைநார்க் காயத்தால் தவறவிட்டார். அங்கும் முதலிடம் சவினோவாவுக்கே. ஊக்கமருந்துக் குற்றத்துக்காக இந்த மூன்று வெற்றிகளும் ரத்தானது 2017இல்தான். அதற்கு வழி திறந்தவர்களில் ஒருவர், பாரிஸ் மேடையின் மூன்றாம் படியில் நின்ற அதே ருசனோவா. ஊக்கமருந்து எடுத்ததைச் சவினோவா ஒப்புக்கொண்டதை அவர் ரகசியமாகப் பதிவு செய்தார். அந்தத் துணிச்சலை மதிக்கிறேன்.

கீதத்தின் அருமை உங்களுக்குத் தெரியாததல்ல. 1980 மாஸ்கோவில் 1500 மீட்டர் தங்கம் வென்றபோது, சோவியத் படைகள் ஆப்கானிஸ்தானில் நுழைந்ததை எதிர்த்துப் பல நாடுகள் அந்த ஒலிம்பிக்கைப் புறக்கணித்த அரசியலால் உங்கள் நாட்டுக் கொடி ஏறவில்லை. ஒலிம்பிக் கீதம்தான் ஒலித்தது. 1984 லாஸ் ஏஞ்சலஸில் அதே ஓட்டத்தில் வென்று, உங்கள் நாட்டுக் கீதத்தைக் கேட்டபடி நின்றீர்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை உங்களைவிட யார் அறிவார்?

2017 லண்டன் உலகப் போட்டியில் பிரிட்டனின் ஜெசிக்கா எனிஸ்-ஹில்லுக்கு, ஊக்கமருந்துக் குற்றத்தால் வேறொருவரிடமிருந்து பறிக்கப்பட்ட, அவருக்கு உரிய 2011 தேகு ஹெப்டத்லான் (ஏழு தடகளப் பிரிவுகள் சேர்ந்த போட்டி) தங்கத்தைச் சொந்த நாட்டு ரசிகர்கள் முன்னால் வழங்கினீர்கள். மனசு நிறைந்தது. அதை எல்லோருக்குமான விதியாக்குங்கள். ஐரோப்பிய அமைப்பையும் மற்ற கண்டங்களின் அமைப்புகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பதக்கம் கைமாறினால், அடுத்த பெரிய போட்டியில், அதே ஓட்டத்தின் இறுதி நடக்கும் மாலையில், கொடியும் கீதமுமாக வழங்க வேண்டும். பரிசுப் பணத்தை ஏமாற்றியவரிடமிருந்து வசூலிக்கும்வரை காத்திருக்காமல், அமைப்பே முதலில் கொடுத்துவிட வேண்டும். நடுத்தர ஓட்டக்காரரின் உச்ச வயது சில வருடங்கள்தான். உதவித்தொகையும் ஸ்பான்சரும் பதக்கத்தைப் பார்த்துத்தான் வரும். ஓய்வு பெற்றபின் வரும் தங்கம் பயிற்சிச் செலவுக்கு உதவாது.

மெடோஸ் கசந்துபோய் ஒதுங்கிவிடவில்லை. கணவர் டிரெவர் பெயின்டரோடு சேர்ந்து அவர் பயிற்சி கொடுத்த கீலி ஹாட்ஜ்கின்சன், 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் 800 மீட்டரை 1:56.72இல் ஓடித் தங்கம் வாங்கினார். தன் சீடப்பெண்ணுக்கு அன்றே கிடைத்தது, மெடோஸுக்கும் ஒரு நிறைந்த அரங்கில் கிடைக்கட்டும். 2011இன் அந்தத் தங்கத்துக்கு உரிய மேடையை இனியாவது ஏற்பாடு செய்யுங்கள்.

இப்படிக்கு,
800 மீட்டர் ஓட்டத்தை நேசிக்கும் ஒரு தமிழ் ரசிகர்