ஒரு சாண் கூடுதலாக நீண்ட வண்டி

பெருந்துறை,
ஆடி 20.

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நாங்கள் அனைவரும் நலம். தங்கையும் குழந்தைகளும் நலமென்று உங்கள் கடிதத்தில் கண்டு மகிழ்ந்தேன். இங்கே மஞ்சள் நட்டு முடித்துவிட்டோம். கிணற்றுத் தண்ணீர் இந்த ஆண்டு பரவாயில்லை. இனி நீங்கள் கேட்டதற்கு வருகிறேன்.

இருபது வருடமாக ஸ்பிளெண்டர் ஓட்டிய நீங்கள் இப்போது சாப்பர் சாயலில் ஒரு குரூசர், அதாவது தாழ்ந்த இருக்கையில் காலை முன்னால் நீட்டி ஓட்டும் வண்டி, வாங்க நினைப்பதாகவும், பஜாஜின் அவெஞ்சர் 220 குரூஸ் வண்டியைப் பார்த்து வைத்திருப்பதாகவும், அழகுக்காக மட்டும் வாங்குவது சரியா என்றும் எழுதியிருந்தீர்கள். அதே போன்ற அளவுகள் கொண்ட வண்டியொன்றை மூன்று வருடமாக ஓட்டுகிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: இந்த வகை வண்டியில் அழகு வேறு, ஓட்டம் வேறு என்று பிரிக்க முடியாது. கண்ணுக்குப் பிடித்த ஒவ்வொரு கோட்டுக்கும் சாலையில் ஒரு விலை உண்டு. சிலவற்றுக்கு விலை நம்மிடம் வாங்கப்படும், சிலவற்றுக்கு நமக்கே தரப்படும்.

சாப்பர் என்ற பெயரே, வெட்டுவதைக் குறிக்கும் ‘சாப்’ என்ற ஆங்கிலச் சொல்லிலிருந்து வந்ததுதான். இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்காவில் கனமான வண்டிகளை வைத்திருந்த இளைஞர்கள், நாம் முருங்கையைக் கவாத்து செய்வதைப் போல, மட்கார்டை வெட்டியும் தேவையற்ற பாகங்களைக் கழற்றியும் எடையைக் குறைத்தார்கள். 1960களில் கலிபோர்னியாவில் அந்த வெட்டு வேலை ஒரு கலையாகவே மாறி, முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் நீண்டு சாய்ந்து, ஹேண்டில்பார் உயர்ந்து, இருக்கை தாழ்ந்தது. 1971இல் ஹார்லி-டேவிட்சன் சூப்பர் கிளைடு என்ற வண்டியின் வழியாக அந்தத் தோற்றத்தைத் தொழிற்சாலைக்குள்ளேயே கொண்டுவந்தது. 1984இல் அதே நிறுவனம் சாஃப்ட்டெயிலில் பின்பக்க ஷாக் அப்சார்பர்களைச் சட்டகத்துக்கு அடியில் ஒளித்து வைத்தது. சஸ்பென்ஷனே இல்லாத பழைய வண்டி போலத் தோன்றவேண்டும், ஆனால் முதுகு உடையக்கூடாது என்பது நோக்கம். கழற்றிப் போட்டுப் பிறந்த ஒரு வடிவத்துக்கு இன்று முன்கண்ணாடியும் முதுகுச் சாய்வும் குரோம் பூச்சுமாகச் சேர்த்துச் சேர்த்து விற்பதை நினைத்தால் எனக்குச் சிரிப்புத்தான் வருகிறது.

உங்கள் ஸ்பிளெண்டரில் இரு சக்கர அச்சுகளுக்கும் இடையே உள்ள தூரம் 1,236 மில்லிமீட்டர். அவெஞ்சரில் அது 1,490. ஒரு சாணுக்கும் சற்று அதிகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இருக்கையோ 785இலிருந்து 737க்கு, ஏறக்குறைய இரண்டரை விரற்கடை இறங்குகிறது. முன்னால் 17 அங்குலச் சக்கரமும் பின்னால் 15 அங்குலத்தில் தடித்த டயரும் இருப்பதால், டேங்கிலிருந்து பின்பக்கம் வரை ஒரே சரிவாகக் கண் வழுக்கிக்கொண்டு போகிறது. நின்றிருக்கும்போதே ஓடுவது போன்ற தோற்றம் அந்தச் சரிவினால் வருவதுதான்.

ஃபோர்க் சாய்வதன் பலனை நம் மில் வேலையை வைத்தே விளங்கிக்கொள்ளலாம். நூல் கோன்களை ஏற்றித் தள்ளும் டிராலியின் சிறு சக்கரம், அதைத் தாங்கும் முளைக்குப் பின்னாலேயே இழுபட்டு வருவதால்தான் தானாக நேராகிறது அல்லவா? ஃபோர்க்கின் சாய்வு கூடக்கூட மோட்டார் சைக்கிளின் முன்சக்கரத்திலும் அந்த இழுபடும் தூரம் கூடுகிறது. ஹோண்டாவின் ஃப்யூரியில் அந்தச் சாய்வு 38 பாகை. அதன் இரு அச்சுகளுக்கும் இடையே ஏறத்தாழ 1.8 மீட்டர். நேர்ச்சாலையில் கோடு போட்டது போலப் போகும், ஆனால் ஒரு சிறிய சந்தில் திரும்ப அரைத் தோட்டம் வேண்டியிருக்கும். நீங்கள் பார்த்த வண்டி அவ்வளவு தீவிரமானதன்று என்றாலும் குணம் அதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான்.

தாராபுரத்திலிருந்து உடுமலை போகும் வழியில், பாலக்காட்டுக் கணவாய்க் காற்று காற்றாலைகளைச் சுழற்றும் இந்த ஆடி மாதத்தில், மணிக்கு 70 கிலோமீட்டரில் என் வண்டி அசையாமல் போனதை உங்களுக்குக் காட்ட வேண்டும் என்றிருந்தது. எதிர்க்காற்றில் முன்கண்ணாடி மார்பைக் காத்தது உண்மை. ஆனால் பக்கவாட்டில் காற்று அடித்தபோது அதே கண்ணாடி பாய்மரமாகி ஹேண்டில்பாரைத் தள்ளியதும் உண்மை.

சத்தியமங்கலத்துக்கு அப்பால் உள்ள திம்பம் மலையின் 27 கொண்டை ஊசி வளைவுகள் வேறு பாடம் சொல்லிக்கொடுத்தன. மெதுவாக ஏறித் திரும்பும்போது ஹேண்டில்பார் ஓரளவுக்கு மேல் போனதும் தானாகவே உள்ளே விழப் பார்க்கிறது. அதைக் கையால் தாங்கிக்கொண்டு, எதிரே இறங்கும் லாரிக்கும் இடம் விடவேண்டும். நான்காவது வளைவில் காலை ஊன்றி நின்றுவிட்டேன். தாழ்ந்த இருக்கையின் அருமை அப்போதுதான் தெரிந்தது.

உங்களுக்கு நான் முக்கியமாகச் சொல்ல வேண்டியது வேகத்தடையைப் பற்றி. ஸ்பிளெண்டரில் ஃபுட்ரெஸ்ட் நமக்கு நேர் கீழே இருப்பதால், வேகத்தடையைக் கண்டதும் நம்மை அறியாமலே காலை ஊன்றி இருக்கையிலிருந்து சற்று எழுகிறோம். அதிர்ச்சியில் பாதியை முழங்கால் வாங்கிக்கொள்கிறது. குரூசரில் பாதங்கள் முன்னால் நீண்டிருக்க, எழவே முடியாது. வெள்ளைக்கோடு கூடப் போடாத நம் ஊர்த் தடைகளில் ஏறும் ஒவ்வொரு முறையும் முழு அடியும் நேராக இடுப்பில் இறங்குகிறது. உங்களுக்கு ஏற்கெனவே இடுப்பு வலி உண்டு. சோபாவைப் போல உட்காரலாம் என்று கடையில் சொல்லுவார்கள். சோபாவை யாரும் கன்னிவாடிச் சாலையின் வேகத்தடைகள் வழியாக இழுத்துச் செல்வதில்லை.

ஓசையைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். ஹார்லியின் அந்த நொண்டித் தாளம் 45 பாகையில் விரிந்த இரண்டு சிலிண்டர்களும் சுழலும் தண்டான கிராங்க்கின் ஒரே முளையில் இயங்கி, அது 315 பாகை சுழன்றதும் ஒன்று, பிறகு 405 பாகை சுழன்றதும் மற்றொன்று என்று சமமில்லாத இடைவெளியில் வெடிப்பதால் பிறப்பது. அவெஞ்சர் போன்ற ஒற்றை சிலிண்டர் வண்டியில் எந்த சைலன்சரை மாட்டினாலும் அது வராது, அபராதம்தான் வரும். தம்பி மகன் சொல்வதைக் கேட்டு அந்த வேலையில் இறங்காதீர்கள்.

வாங்குவதற்கு முன் ஞாயிற்றுக்கிழமை இங்கே வாருங்கள். என் வண்டியை நீங்கள் எடுத்துக்கொண்டு, பைபாஸில் அல்லாமல், சென்னிமலை வழியாகக் காங்கேயம் வரை போங்கள். உங்கள் ஸ்பிளெண்டரில் நான் பின்னால் வருகிறேன். காங்கேயத்தில் இறங்கும்போது உங்கள் இடுப்பு என்ன சொல்கிறதோ அதைக் கேட்டுக்கொண்டு டீ குடித்துத் திரும்பலாம். தங்கையையும் அழைத்து வந்தால் மதியச் சாப்பாட்டுக்குக் கொள்ளுப் பருப்பும் அரிசி பருப்புச் சாதமும் தயாராக இருக்கும்.

அன்புடன்,
உங்கள் மச்சான்