கப்பல் வேலைக்கு வாங்கிய 2,40,000 ரூபாயும் வராத சம்பளமும்: புகார் கடிதம்

தூத்துக்குடி,
10.03.2025

பெறுநர்:
மேலாளர் அவர்கள்,
கப்பல் ஆள்சேர்ப்பு நிறுவனம், சென்னை.

பொருள்: கட்டிய பணம், பாக்கிச் சம்பளம், சிடிசி (மாலுமியின் கடல் பணிப் பதிவுப் புத்தகம்) ஆகியவற்றைத் திருப்பித் தரக் கோருதல்.

ஐயா,

வணக்கம். 2024 மே மாதம் உங்கள் நிறுவனம் மூலமாகச் சிங்கப்பூரில் ஒரு பல்க் கேரியரில் (நிலக்கரி, தானியம் போன்றவற்றை மூட்டையில்லாமல் ஏற்றும் கப்பல்) ஓஎஸ்ஸாக, அதாவது டெக்கில் கடைநிலை மாலுமியாக, சைன் ஆன் செய்து வேலையில் சேர்ந்து, ஒன்பது மாதம் முடித்து, இந்தப் பிப்ரவரியில் ஊர் திரும்பியவன் நான். இதுவரை ஆறு தடவை போனில் பேசிவிட்டேன். "ஓனர்கிட்டருந்து இன்னும் வரல தம்பி, அடுத்த வாரம் பாருங்க" என்பதே ஆறு தடவையும் கிடைத்த பதில். அதனால் எழுத்தில் தருகிறேன்.

முதலில் நான் உங்களிடம் கட்டிய பணம். ஜிபி ரேட்டிங் என்ற மாலுமிப் பயிற்சி முடித்து, சிடிசியும் எஸ்டிசிடபிள்யூ என்ற கடல் பணிப் பயிற்சிச் சான்றிதழ்களும் கையில் இருந்தும் ஒன்றரை வருஷமாகக் கப்பல் கிடைக்காத நேரம் அது. உங்கள் அலுவலகத்தில் 2,40,000 ரூபாய் கேட்டார்கள். 40,000 பேங்க் மூலம் போட்டேன். 2,00,000 ரொக்கமாகக் கொடுத்தேன். ரசீது 40,000க்கு மட்டும், அதுவும் 'டாக்குமெண்டேஷன் சார்ஜ்' என்று. ரொக்கத்துக்குத் துண்டுச் சீட்டுகூடத் தரவில்லை. என் முன்னால் கட்டைப் பிரித்து இரண்டு முறை எண்ணி, அப்பா போட்டு அனுப்பிய அதே ரப்பர் பேண்டை மறுபடி சுற்றி மேசை இழுப்பறையில் வைத்தார்கள்.

அப்பா முப்பது வருஷம் தோணியில் போனவர். தூத்துக்குடியிலிருந்து மாலத்தீவுக்குக் காய்கறியும் கல்லும் ஏற்றிக்கொண்டு போய் ஒரு நடை முடித்து வந்தால், தோணித் தலைவரான தண்டல் கணக்குப் பார்த்து அவரவர் பங்கைக் கையில் கொடுத்துவிடுவார். கப்பலுக்குப் போக நாமே பணம் கட்ட வேண்டும் என்று நான் சொன்னபோது அவருக்கு அது புரியவே இல்லை. எனக்கும் அப்போது சட்டம் தெரியாது. இப்போது தெரியும். 2006ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கையை இந்தியா 2015இல் ஏற்றிருக்கிறது. மருத்துவச் சான்று, சிடிசி, பாஸ்போர்ட் மாதிரியான பயண ஆவணம், இவற்றின் செலவைத் தவிர வேலை வாங்கித் தருவதற்கென்று மாலுமியிடம் எந்தக் கட்டணமும் வாங்கக் கூடாது என்று அதில் இருக்கிறது. விசா செலவுகூடக் கப்பல் உரிமையாளருடையது. அந்த மூன்றுக்கும் நான் ஏற்கெனவே தனியாகச் செலவு செய்திருந்தேன். அப்படியென்றால் நீங்கள் வாங்கிய 2,40,000 எதற்கு?

அடுத்தது ஒப்பந்தம். சென்னையில் நான் கையெழுத்துப் போட்டதில் ஓவர்டைம் சேர்த்து மாதம் 700 டாலர் என்று இருந்தது. கப்பலில் ஏறிய மூன்றாம் நாள், கேப்டனுக்கு அடுத்த அதிகாரியான சீஃப் மேட் இன்னொரு தாளை நீட்டினார். அதில் 450. கேட்டதற்கு, "உன் ஏஜென்டுக்குத் தெரியும்" என்றார். நங்கூரத்தில் நிற்கும் கப்பலில் இருந்துகொண்டு நான் எங்கே போவது? கையெழுத்துப் போட்டேன். என்னோடு இருந்த ஏபிக்கு (ஓஎஸ்ஸுக்கு ஒரு படி மேலான மாலுமி) ஓவர்டைம் எல்லாம் சேர்த்தே 600தான். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு (ஐஎல்ஓ) குறித்திருக்கும் ஏபியின் குறைந்தபட்ச அடிப்படைச் சம்பளம் மட்டுமே 2024இல் 666 டாலர், 2025 ஜனவரியிலிருந்து 673.

வேலையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். நான் வேலைக்குப் பயந்தவன் இல்லை. துரு தட்டினேன், பெயின்ட் அடித்தேன், கப்பலைக் கரையில் கட்டும் மூரிங் ரோப் இழுத்தேன், இரவு கப்பலில் ஏறும் வழியான கேங்வேயில் காவல் நின்றேன். ஆனால் சீனாவில் நிலக்கரி இறக்கிவிட்டு ஆஸ்திரேலியாவின் க்வினானாவுக்குக் கோதுமை ஏற்றப் போன அந்தப் பயணத்தை மறக்க முடியவில்லை. சரக்கு ஏற்றும் அறைகளான ஐந்து ஹோல்டையும் தானியத்துக்குத் தகுந்தபடி கழுவி முடிக்க வேண்டும். காலை ஐந்துக்கு இறங்கினால் இரவு ஒன்பது, பத்துக்குத்தான் ஏறுவோம். சுவரின் இரும்புச் சட்டங்களான ஃபிரேம்களுக்கு நடுவே ஒட்டியிருக்கும் கரித்தூளை ஏணியில் தொங்கியபடி சுரண்ட வேண்டும். சாப்பிட உட்கார்ந்தால் ஸ்பூன் பிடிக்க விரல் மடங்காது. சளி துப்பினால் கறுப்பாக வரும். ஆறாம் நாள் அந்த ஏபி ஏணியிலேயே கண் அயர்ந்து இரண்டு படி சறுக்கினார். பெல்ட் இருந்ததால் இன்று அவர் வீட்டில் இருக்கிறார்.

எந்த 24 மணி நேரத்திலும் குறைந்தது 10 மணி நேரம், ஏழு நாளில் 77 மணி நேரம் ஓய்வு தர வேண்டும் என்பது விதி. எங்கள் ஓய்வு நேரத் தாளில் அந்த வாரமும் தினம் 10 மணி நேரம் என்றுதான் அச்சாகி வந்தது. கையெழுத்துப் போட்டால்தான் சம்பளக் கணக்கு போகும் என்றார்கள். அப்புறம் க்வினானாவில் துறைமுக ஆய்வாளர் வந்து என்னிடமே நேராகக் கேட்டார், சரியாகத் தூங்குகிறாயா என்று. சரியாகத்தான் இருக்கிறது என்றேன். ஏன் தெரியுமா? கிளம்பும் முன் உங்கள் அலுவலகத்தில் சொல்லி அனுப்பியது அதுதான்: "கம்ப்ளைண்ட் பண்ற பையனுக்கு அடுத்த கப்பல் கிடைக்காது." அன்று பொய் சொன்னது இன்றும் எனக்கு உறுத்துகிறது.

ஒன்பது மாதம் முடிந்துதான் இறங்கினேன். ஆனால் தாளில் 'சொந்தக் காரணம்' என்று எழுதி, விமான டிக்கெட் 380 டாலரைச் சம்பளத்தில் பிடித்திருக்கிறார்கள். ஊர் திரும்பும் செலவு உரிமையாளருடையது. ஒப்பந்தக் காலம் முடிந்ததற்கு நான் ஏறிய தேதியும் இறங்கிய தேதியுமே சாட்சி.

கணக்கு இதுதான். ஒன்பது மாதத்துக்கு, 700 வீதம் 6,300 டாலர். வீட்டுக்கு வந்தது ஏழு மாதத்துக்கு 450 வீதம் 3,150. கடைசி இரண்டு மாதம் ஒன்றுமே வரவில்லை. கப்பலில் உள்ள கடையான ஸ்லாப்செஸ்ட்டில் சோப்பும் போன் கார்டும் வாங்கிய 60 டாலரைக் கழித்துக்கொள்ளுங்கள், அது நான் வாங்கியது. மீதி 3,090 டாலர் வர வேண்டும். அதோடு 2,40,000 ரூபாயும். சென்னை ஒப்பந்தம், கப்பலில் கொடுத்த தாள், 40,000க்கான ரசீது, ஓய்வு நேரத் தாளின் போட்டோ நான்கையும் இணைத்திருக்கிறேன்.

பதினைந்து நாளுக்குள் தராவிட்டால் இதே நகல்கள் மும்பையில் உள்ள கப்பல் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகத்துக்கும் தூத்துக்குடி வணிகக் கடல்துறை அலுவலகத்துக்கும் போகும். உங்கள் உரிமம் 2016ஆம் ஆண்டின் மாலுமிகள் ஆள்சேர்ப்பு விதிகளுக்கு உட்பட்டது. இதை மிரட்டலாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நான் போன மாதம் வந்தபோதுகூட வரவேற்பறை பெஞ்சில் மூன்று பையன்கள் ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அவர்களிடமும் கேட்டிருப்பீர்கள். அவர்களிடம் வாங்கியதையும் திருப்பிக் கொடுங்கள்.

பணத்துக்குப் பதினைந்து நாள். சிடிசிக்கு அவ்வளவு நாள் தர முடியாது. 'என்ட்ரி போட வேண்டும்' என்று வாங்கி வைத்து மூன்று வாரம் ஆகிறது. அது இல்லாமல் வேறு எந்தக் கப்பலிலும் நான் ஏற முடியாது. வருகிற திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு அப்பாவுடன் நேரில் வருகிறேன். எடுத்து வையுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மூலம் 2024 மே மாதம் கப்பலேறிய ஓஎஸ்