எழுதிக் கொடுத்துவிட்டு வா, பாப்பா

சங்கரன்கோவில்

அன்புள்ள பாப்பாவுக்கு,

"ஒரு வருஷம் காலேஜுக்குப் போகாம இருந்தா என்னப்பா ஆகும்?" என்று நேற்று ராத்திரி கேட்டாய். நான் "பேசுவோம்மா" என்று மட்டும் சொன்னேன். போனில் பேசினால் பாதி விட்டுப்போகும் என்றுதான் உட்கார்ந்து எழுதுகிறேன். அம்மாவிடமும் பேசிவிட்டேன். உடம்பும் மனசும் தேறும் வரை ஒரு வருஷம் படிப்பை நிறுத்திக்கொள். எங்கள் இரண்டு பேருக்கும் முழுச் சம்மதம். சம்மதிப்பார்களா மாட்டார்களா என்ற கவலையை இந்த நிமிஷத்தோடு விட்டுவிடு.

ஆனால் ஹாஸ்டலில் படுத்தபடியே வகுப்புக்குப் போகாமல் நாளைக் கடத்தி, அப்படியே நின்றுவிடாதே. எழுதிக் கொடுத்து, அனுமதி வாங்கிக்கொண்டு வா. பார்க்கிறவர்களுக்கு இரண்டும் ஒன்று போலத்தான் தெரியும். காகிதத்தில் இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். தாலுகா ஆபீஸில் இத்தனை வருஷம் மனுக்களோடு இருந்தவன் சொல்கிறேன், கேட்டுக்கொள்.

அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 விதிமுறைகளை ஆபீஸ் கம்ப்யூட்டரில் எடுத்து, மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் வரிவரியாகப் படித்தேன். 'பிரேக் ஆஃப் ஸ்டடி' என்று அதில் தனிப் பிரிவே இருக்கிறது. தகுந்த காரணம் இருந்தால் ஒரு மாணவர் அதிகபட்சம் ஒரு வருஷம் படிப்பை நிறுத்திவைக்கலாம். யாரும் இரக்கப்பட்டுக் கொடுக்கும் சலுகை இல்லை இது. உன்னைப் போல நடுவில் முடியாமல் போகிற பிள்ளைகள் இருப்பார்கள் என்று தெரிந்தே போட்ட விதி. அதனால் பிரின்சிபால் அறைக்குத் தலையைக் குனிந்துகொண்டு போகாதே.

விண்ணப்பம் பிரின்சிபால் வழியாகப் பல்கலைக்கழகத்துக்குப் போக வேண்டும். என்ன காரணம், உத்தேசமாக எப்போது திரும்பி வருவாய், இரண்டும் அதில் இருக்க வேண்டும். இந்த செமஸ்டர் தேர்வுக்குப் பதிவு செய்யக் கடைசி நாள் என்று ஒன்று அறிவிப்பார்களே, அதற்குள் கொடுத்தாக வேண்டும். நான் அவசரப்படுத்துவது அந்தத் தேதிக்காகத்தான்.

கொடுக்காமல் விட்டால் நடப்பது வேறு. வருகை 75 சதவீதம் வேண்டும். உடம்பு சரியில்லை என்று மருத்துவச் சான்று வைத்தால் 65 வரைக்கும் பார்ப்பார்கள். அதற்கும் கீழே போனால் தேர்வு எழுத முடியாது, அந்த செமஸ்டரை அடுத்த வருஷம் திரும்பப் படிக்க வேண்டும். வருஷம் அப்போதும்தான் போகும். ஆனால் அது அனுமதி பெற்ற இடைவெளியில் சேராது, வருகை போதாமல் நிறுத்தப்பட்டவள் என்றுதான் பதிவாகும். நாலு செமஸ்டரும் ஒரு அரியர் இல்லாமல் வந்த பிள்ளைக்கு அந்தப் பெயர் எதற்கு?

அனுமதியோடு நின்றால் உன் கணக்கு அப்படியே இருக்கும். எல்லாப் பாடத்தையும் முதல் தடவையிலேயே தேறி, எல்லா செமஸ்டருக்கும் சேர்த்த சராசரியான சிஜிபிஏவை 8.5-க்குக் குறையாமல் வைத்து, இந்த ஒரு வருஷத்தையும் சேர்த்து ஐந்து வருஷத்தில் முடித்தால் டிஸ்டிங்ஷனே கிடைக்கும். படிப்பை முடிக்க மொத்தமாகக் கொடுத்திருப்பது 14 செமஸ்டர், அதாவது ஏழு வருஷம். மூச்சு விட நிறைய இடம் இருக்கிறது பாப்பா. திரும்பி வரும்போது அப்போது நடப்பில் இருக்கிற பாடத்திட்டத்தில்தான் சேர்ப்பார்கள். நீ 2023-ல் சேர்ந்தவள். 2024-ல் சேர்ந்த உன் ஜூனியர்களும் அதே 2021 விதிமுறையில்தான் படிக்கிறார்கள். ஒரே வருஷத்தில் திரும்பினால் அவர்களோடு ஐந்தாவது செமஸ்டரில் உட்கார்ந்துகொள்ளலாம். இரண்டு வருஷமாக இழுத்தால் புதுப் பாடத்திட்டத்துப் பிள்ளைகளோடு போய், கூடுதல் பாடங்கள் எழுத வேண்டி வரலாம். ஒரு வருஷம் என்பதில் நான் கறாராக இருப்பது அதனால்தான். வேறு எந்தக் காரணமும் இல்லை.

போன தடவை உன்னைப் பார்க்க வந்தபோது, நீ முகம் கழுவப் போன நேரத்தில் மேசை மேல் இருந்த ஸ்ட்ரக்சுரல் அனாலிசிஸ் பாட நோட்டைப் புரட்டினேன். ஒரு பீம், இரண்டு பக்கமும் தாங்கி, மேலே அம்புக்குறி. ஸ்கேல் வைத்து அழகாகப் போட்டிருந்தாய். அதற்குக் கீழே கணக்கு இல்லை. அடுத்த பக்கத்திலும் அதே பீம். அதற்கடுத்த பக்கத்திலும். கடைசியில் தாள் கிழிகிற அளவுக்கு அழுத்தி அடித்திருந்தாய். உனக்குக் கணக்கு வராமல் இல்லை. பத்தாம் வகுப்பில் கரன்ட் போன ராத்திரியில் மெழுகுவர்த்தி வைத்துக்கொண்டு, "இன்னும் ஒண்ணே ஒண்ணு போட்டுட்டுப் படுக்கிறேன்ப்பா" என்று சொன்ன பிள்ளை நீ. அந்த நோட்டைப் பார்த்த பிறகு, இதைச் சோம்பேறித்தனம் என்று யாராவது என் காதுபடச் சொன்னால் எனக்குப் பொறுக்காது. டாக்டரும் அன்றைக்குத் தெளிவாகச் சொன்னார், இது நோய், மருந்துக்கும் ஓய்வுக்கும் சரியாகும் என்று. காய்ச்சலில் கிடக்கிறவளைப் பரீட்சை எழுத அனுப்புவோமா?

மருத்துவச் சான்று பற்றி நீ தயங்குவது எனக்குத் தெரியும். டாக்டரிடமே மனம் விட்டுக் கேள். சிகிச்சையில் இருக்கிறாள், இத்தனை மாதம் ஓய்வு தேவை என்ற அளவில் எழுதித் தர முடியுமா என்று கேட்டுப்பார். 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டம் சிகிச்சை விவரத்தை ரகசியமாக வைக்கும் உரிமையை உனக்குக் கொடுத்திருக்கிறது. ஆபீஸ் கவுன்டரில் நின்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரி விளக்கம் சொல்ல வேண்டிய கட்டாயம் உனக்குக் கிடையாது. "காரணம் விண்ணப்பத்தில் இருக்கு சார்" என்று சொல், போதும்.

விண்ணப்பத்தில் கதை எழுதாதே. எங்கள் ஆபீஸுக்கு வருகிற மனுக்களில் பக்கம் பக்கமாக அழுது எழுதியது மேசையிலேயே கிடக்கும், என்ன வேண்டும் என்று முதல் பத்தியிலேயே சொன்னது நகரும். கல்லூரி கொடுக்கும் படிவத்தோடு ஒரு கடிதம் வை. பெயர், பதிவு எண், துறை, செமஸ்டர். உடல்நலக் காரணத்தால் சிகிச்சையில் இருக்கிறேன், இந்த செமஸ்டரிலிருந்து ஒரு வருஷம் இடைவெளிக்கு அனுமதி கோருகிறேன், அடுத்த கல்வியாண்டின் ஐந்தாவது செமஸ்டரில் திரும்பச் சேர்வேன், மருத்துவச் சான்று இணைத்துள்ளேன். இவ்வளவுதான். கொடுக்கும்போது நகலில் தேதியோடு முத்திரையும் கையெழுத்தும் வாங்கிக்கொள். "அப்புறம் தாரேன்" என்றால் நின்று வாங்கு. அந்த ஒரு தாள்தான் அடுத்த வருஷம் நமக்குப் பேசும். அனுமதி ஆணை வந்ததும் அதையும் அதே கோப்பில் வை.

பேங்க் கடனை நினைத்து நீ தூக்கத்தைக் கெடுத்துக்கொள்கிறாய் என்று அம்மா சொன்னாள். அதை என்னிடம் விடு. கல்விக் கடனுக்குத் தவணை பொதுவாகப் படிப்புக் காலமும் அதற்குப் பிறகு ஒரு வருஷமும் கழித்துத்தான் தொடங்கும். படிப்பு ஒரு வருஷம் தள்ளிப்போகிறது என்று ஆணையின் நகலோடு எழுதிக் கொடுத்து, தவணையைத் தள்ளி வைக்கச் சொல்லிக் கேட்பேன். பேங்குக்காரர்களிடம் நாமே முன்கூட்டிப் போய்ச் சொன்னால் அவர்கள் பேசுகிற விதமே வேறாக இருக்கும். புதுமைப் பெண் திட்டத்தில் வருகிற 1000 ரூபாயை இந்த ஒரு வருஷத்துக்கு நம்பி இருக்க வேண்டாம். அந்தப் பணத்தில்தான் நீ ஆச்சிக்குக் கண்ணாடி வாங்கிக் கொடுத்தாய், அதை இன்னும் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

ஆச்சி உனக்குக் கண் பட்டுவிட்டது என்கிறாள். வந்ததும் உப்பும் மிளகாயும் சுற்றிப் போடுவாள். போடட்டும், தடுக்காதே. மாத்திரையை மட்டும் அவள் பேச்சைக் கேட்டு நிறுத்திவிடாதே. இந்த மாத்திரைகள் வேலை செய்யவே சில வாரம் ஆகும், நன்றாக ஆன பிறகும் சில மாதம் தொடர வேண்டும், டாக்டர் சொல்லாமல் சட்டென்று விடக் கூடாது.

மாமாவும் அத்தையும் கேட்பார்கள். ஆடித்தபசுக்கு வருகிற சொந்தமெல்லாம் கேட்கும். "உடம்பு சரியில்லை, அடுத்த வருஷம் திரும்பப் போறா" என்று நான் சொல்லிக்கொள்கிறேன். அதற்கு மேல் கேட்டால் காப்பி கொடுத்துப் பேச்சை மாற்ற அம்மாவுக்குத் தெரியும். உன்னை முன்னால் நிறுத்திப் பதில் சொல்ல வைக்க மாட்டோம்.

வீட்டில் இருக்கிற நாளில் ஏதாவது கோர்ஸ் சேர், சர்டிபிகேட் வாங்கு, வருஷத்தை வீணாக்காதே என்று உனக்கே தோன்றும், மற்றவர்களும் சொல்வார்கள். வேண்டாம். முதலில் ராத்திரி தூங்கு, மூன்று வேளை சாப்பிடு, டாக்டர் சொன்ன நாளில் போய்ப் பார். தை பிறந்த பிறகு மனசு இருந்தால் மட்டும் நோட்டைத் திற. சித்திரைக்கு மேல் ஜூனியர் பிள்ளைகளிடம் பேசிப் பழகு, தெரியாத வகுப்பில் போய் உட்காரும் கூச்சம் குறையும். வகுப்பு ஆலோசகரோடு தொடர்பை விடாதே, சேரும் தேதி தவறாமல் தெரிய வேண்டும்.

இன்னும் ஒன்று, முக்கியம். ராத்திரி எந்த நேரத்தில் மனசு தாங்காவிட்டாலும் என்னைக் கூப்பிடு. மணி பார்க்காதே. என்னிடம் பேச முடியாத விஷயமாக இருந்தால் 14416-க்குக் கூப்பிடு. டெலி மானஸ் என்று அரசு நடத்துகிற இலவச எண், ராத்திரியும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம். இப்போதே போனில் பதிந்துகொள். அறையில் இருக்கிற தோழியிடமும் சொல்லிவை, அவளையும் பதியச் சொல்.

வெள்ளிக்கிழமை பொதிகை ரயிலில் கிளம்பி சனிக்கிழமை காலையில் அங்கே இருப்பேன். அன்றைக்கு கல்லூரி ஆபீஸ் திறந்திருக்குமா என்று மட்டும் கேட்டுச் சொல். இல்லாவிட்டால் திங்கட்கிழமை வரை லீவு போட்டுக்கொள்கிறேன். அதற்குள் கடிதத்தை ஒரு வெள்ளைத் தாளில் எழுதி போட்டோ எடுத்து அனுப்பு, திருத்தித் தருகிறேன். மாத்திரைச் சீட்டு, டாக்டர் எழுதிய தாள்கள், அடையாள அட்டை, நாலு செமஸ்டர் மார்க் ஷீட், எல்லாவற்றிலும் இரண்டு நகல் எடுத்து வை. புத்தகங்களைக் கட்ட வேண்டாம், நான் வந்து கட்டிக்கொள்கிறேன்.

அன்புடன்,
அப்பா