பிடுங்கிய பென்டிரைவ்

மாப்ள,

ஆடியில் நீ அனுப்பிய மெசேஜுக்குக் கார்த்திகையில் பதில் எழுதுகிறேன். கோபப்படாதே. அம்மா நலம், மழை வந்தால் மட்டும் முட்டிவலி. சின்னவள் பத்தாவது வந்துவிட்டாள். அண்ணாச்சி மெஸ்ஸை மூடிவிட்டார். அதை நேரில்தான் சொல்ல வேண்டும்.

எழுத உட்கார்ந்த காரணம் வேறு. ஜெராக்ஸ் கடையில் என் கையால் ஒரு தப்பு நடந்துவிட்டது. உன்னைத் தவிர யாரிடம் சொன்னாலும் "பென்டிரைவ்தானே" என்று முடித்துவிடுவார்கள்.

கடை மெஷினை லினக்ஸுக்கு மாற்றியது உனக்குத் தெரியும். வருகிற பென்டிரைவில் பாதி, ஃபோல்டரையெல்லாம் ஷார்ட்கட்டாக்கிவிடும் வைரஸோடு வந்துகொண்டிருந்தது. 2 ஜிபி ராமில் க்னோம் டெஸ்க்டாப்பும் பிரவுசரும் சேர்ந்தால் மெஷினுக்கு மூச்சு வாங்கியது. நீ சொன்னபடி டெபியன் லினக்ஸ் மேல் ஓப்பன்பாக்ஸ் என்ற விண்டோ மேனேஜரைப் போட்டேன். பட்டனை அழுத்திவிட்டு டீ குடித்த காலம் போய், அழுத்திய கையை எடுப்பதற்குள் திரை தயாரானது. அந்தச் சந்தோஷத்தில் ஒன்றை யோசிக்காமல் விட்டேன். ஓப்பன்பாக்ஸ் ஜன்னலுக்குச் சட்டம் அடிக்கும், நகர்த்தும், மூடும். கோப்பு என்று ஒன்று இருப்பதே அதற்குத் தெரியாது. பென்டிரைவைச் செருகினால் ஒரு ஐகான்கூட வராது. நான் இரண்டு வரியில் ஒரு ஸ்கிரிப்ட் எழுதி, ஒரு கீயை அழுத்தினால் பென்டிரைவ் மவுண்ட் ஆகும்படி, அதாவது மெஷினோடு சேர்ந்து திறக்கும்படி, வைத்துக்கொண்டேன். கழற்றவும் ஒரு கீ இருந்தது. ஆனால் அதை அழுத்தாமல் விட்டாலும் தடுக்க ஆளில்லை.

தமிழ் எம்.ஏ. படிக்கும் பெண் ஒருத்தி ஆய்வேட்டோடு வந்தாள். பென்சிலில் திருத்திய 140 பக்கம். இரவு பதினொன்று வரை உட்கார்ந்து எல்லாத் திருத்தத்தையும் போட்டுக் கொடுத்தேன். பென்டிரைவுக்கு காப்பி செய்தேன், பட்டை நூறைத் தொட்டது, கடைசி பஸ் என்று அவள் அவசரப்பட்டாள், பிடுங்கிக் கையில் கொடுத்தேன். கடையைச் சாத்தும்போது வழக்கம்போல் வாடிக்கையாளர் ஃபோல்டரை டெர்மினலில் ஆர்எம் என்ற அழிக்கும் கட்டளையைப் போட்டுத் துடைத்தேன். ஆதார், பத்திரமெல்லாம் அதில் கிடக்கும், ராத்திரி தங்கக் கூடாது என்பது என் விதி. ஆர்எம்முக்குக் குப்பைத்தொட்டி கிடையாது.

காலை பத்து மணிக்கு மதுரையிலிருந்து போன். "அண்ணா, ஃபைல் இருக்கு, சைஸ் ஜீரோ காட்டுது." அவள் அழவில்லை. அழுதிருந்தால்கூட எனக்குத் தாங்கியிருக்கும். பைண்டிங் கடை வாசலில் நின்றுகொண்டு, பென்சிலில் திருத்திய பக்கங்களை ஒவ்வொன்றாகப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினாள். பழைய பிரதி அவள் மெயிலில் இருந்தது. கடையைத் திறக்காமல் ஷட்டருக்கு உள்ளே உட்கார்ந்து, மறுபடியும் முதல் பக்கத்திலிருந்து ஆரம்பித்தேன். சாயங்காலம் அனுப்பிவைத்தேன். மறுநாள்தான் அவளால் சமர்ப்பிக்க முடிந்தது. அந்த ஒரு நாளுக்கு அவள் யார் யாரிடம் கெஞ்சினாளோ தெரியாது, மாப்ள.

அன்று ராத்திரி ஏன் இப்படி ஆனது என்று பார்க்க உட்கார்ந்தேன். ப்ராக் அடைவில் மெம்இன்ஃபோ என்று ஒரு கோப்பு இருக்கிறதே, அதில் டர்ட்டி (இன்னும் எழுதாமல் ராமில் நிற்கும் அளவு) என்ற வரியை விநாடிக்கு ஒரு தரம் காட்டும்படி செய்து, 50 எம்பி கோப்பு ஒன்றை காப்பி பண்ணினேன். காப்பி முடிந்தது என்கிறது. டர்ட்டி 50 ஆயிரம் கேபிக்குப் பக்கத்தில் நிற்கிறது. முடிந்தது என்று அது சொன்னதெல்லாம் ராமில்தான் கிடந்தது! எழுதாத பக்கம் அரை நிமிஷம் பழசான பிறகுதான் லினக்ஸின் மையமான கர்னல் அதைக் கண்டிப்பாக எழுதப் புறப்படும். மிச்சத்தை உடனே எழுதச் சொல்லும் சிங்க் கட்டளையை அடித்ததும் பென்டிரைவ் விளக்கு துடிக்க ஆரம்பித்தது, எண் இறங்கி இறங்கி அடியைத் தொட்டது. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அந்தப் பெண்ணின் 140 பக்கமும் அப்படித்தான் ராமிலேயே நின்றிருக்கிறது. நான் பிடுங்கிவிட்டேன்.

ஸ்கிரிப்டைத் தூக்கிப் போட்டேன். இப்போது பிசிமேன்எஃப்எம் என்ற ஃபைல் மேனேஜர் ஓடுகிறது. எழுதியவர் தைவான்காரர், ஹாங் ஜென் யீ. பிசிமேன் அவருடைய புனைபெயராம். அது மட்டும் போதாது, பின்னால் மூன்று பேர் வேண்டும். மவுண்ட் செய்ய யூடிஸ்க்ஸ், குப்பைத்தொட்டியைத் திறந்து மீட்க ஜிவிஎஃப்எஸ், அனுமதி கேட்க ஒரு போல்கிட் ஏஜென்ட். பெரிய டெஸ்க்டாப்பில் இவர்கள் சொல்லாமலே வந்து வேலை செய்கிறார்கள். நம் பக்கம் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். யூடிஸ்க்ஸ், ஃபேட் ஃபார்மேட்டில் உள்ள பென்டிரைவைச் சீக்கிரம் எழுதச் சொல்லும் ஃபிளஷ் ஆப்ஷனோடு மவுண்ட் செய்கிறது, அதனால் எழுத வேண்டியது ராமில் அதிக நேரம் தங்குவதில்லை. அதற்கு மேல், பக்கப் பட்டியில் பென்டிரைவ் பெயருக்கு எதிரே வெளியேற்றும் குறி. "அதை அழுத்தி, மறைந்த பிறகுதான் கை வைக்கணும்" என்று கடைத் தம்பிக்கு ஒரே வாக்கியத்தில் சொல்லிக் கொடுக்க முடிந்தது. ஸ்கிரிப்ட் காலத்தில் இது முடியவே முடியாது.

டெஸ்க்டாப்பையும் பிசிமேன்எஃப்எம்மிடமே ஒப்படைத்தேன். உடனே ஓப்பன்பாக்ஸின் ரைட் கிளிக் மெனு காணாமல் போய்விட்டது, அரை நாள் தேடினேன். டெஸ்க்டாப் விருப்பங்களில் 'விண்டோ மேனேஜர் தரும் மெனுவைக் காட்டு' என்று ஒரு பெட்டி, டிக் அடித்தால் தீர்ந்தது. நீ வைத்தால் உனக்கும் இது நடக்கும்.

நீ எங்கே வைக்கப் போகிறாய்! டெர்மினலுக்குள்ளேயே கோப்பைக் காட்டும் ரேஞ்சர், ரேஞ்சர் என்று, காலேஜில் வீஐ எடிட்டரைப் பிடித்துத் தொங்கியதுபோலத் தொங்குவாய். உன் சர்வருக்கு அது சரி. என் கடைக்கு வருகிற கோப்புப் பெயரைப் பார்: 'கொடைக்கானல் பத்திரம் புதுசு', 'அப்பா சாதிச் சான்று ஒரிஜினல் 2'. என் டெர்மினலில் கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் என்று சிதறிக் கிடக்கிறது. எது யாருடையது என்று படித்து முடிப்பதற்குள் வரிசையில் நிற்பவர் அடுத்த கடைக்குப் போய்விடுவார். பிசிமேன்எஃப்எம்மில் தமிழ் தமிழாகத் தெரிகிறது. சண்டைக்கு வா, எனக்கு இது ஒன்று போதும்.

ஆர்எம்மை விட்டுவிட்டேன். ஆதாரும் பத்திரமும் அன்றன்றே போகும். தட்டச்சு வேலை மட்டும் மூன்று நாள் குப்பைத்தொட்டியில் இருக்கும், பிறகுதான் காலி செய்வேன்.

இன்னும் ஒரு குடைச்சல். இப்போது பாதிப் பேர் போனையே கேபிளில் செருகுகிறார்கள். போன் கோப்பைக் கேபிள் வழியாகக் காட்டும் எம்டிபி முறையில் ஃபோல்டர் திறக்கிறது, பெரிய கோப்பை இழுத்தால் பாதியில் அறுந்துவிடுகிறது. கேபிளா, ஜிவிஎஃப்எஸ்ஸா, போன் திரை பூட்டிக்கொள்வதா, பிடிபடவில்லை. பொங்கலுக்கு வரும்போது உன் போனையும் அதோடு வந்த கேபிளையும் மறக்காமல் எடுத்து வா. ஷட்டரை இறக்கிவிட்டுப் பார்ப்போம்.

உன்
ஜெராக்ஸ்காரன்