பனிக்கு முன் கூரையை மூடுங்கள்: எங்கள் நகர மன்றத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய நகரத் தலைவர் அவர்களுக்கும் மன்ற உறுப்பினர்களுக்கும்,

வணக்கம். இம்மடலின் ஆங்கிலப் படியை மன்ற அலுவலகத்தில் முறைப்படி கொடுத்துவிட்டேன். அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் உள்ள இந்தச் சிற்றூரின் கோரிக்கையை என் மொழிக்காரர்களும் அறிய வேண்டும் என்பதால் தமிழிலும் பொதுவில் வைக்கிறேன்.

ஏரிக்கரை நடன அரங்கின் கதையை நான் தங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. புயலில் மேடைக்கு மேலே கூரை பெயர்ந்தது, வெளியூரில் இருக்கும் உரிமையாளர் பூட்டுப் போட்டுவிட்டு ஒதுங்கிக்கொண்டது, சோதனை அறிக்கைகள் எல்லாமே தங்கள் கோப்பில் இருக்கின்றன. சென்ற கூட்டத்தில் அந்த இடத்தை வாகன நிறுத்துமிடமாக்கும் முன்மொழிவு வாசிக்கப்பட்டது. எத்தனை கார் நிற்கலாம் என்று பேசினீர்கள். தண்ணீர் இப்போதும் உள்ளே ஒழுகுகிறதா என்று ஒருவரும் கேட்கவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

கேட்பது ஒன்றே ஒன்று. பனி விழுவதற்கு முன் அந்தக் கூரையை மூடுங்கள். இடிப்பதா காப்பதா என்ற வாதத்தைப் பிறகு எவ்வளவு நிதானமாக வேண்டுமானாலும் நடத்தலாம்.

நான் கூரையைப் பற்றியே பேசுவது ஏன் என்றால், அதற்குக் கீழே தரை இருக்கிறது. நடன அரங்குக்கு உயிர் அதன் தரைதான். அலங்கார மேடையையும் தொங்கும் கண்ணாடி உருண்டையையும் எப்போது வேண்டுமானாலும் புதிதாகச் செய்துகொள்ளலாம். அந்தத் தரை அப்படிப்பட்டதல்ல. மேப்பிள் மரத்தைக் குறுகிய பட்டைகளாக அறுத்து, ஒன்றோடொன்று இழைத்துப் பொருத்தி, அடியில் குறுக்கும் நெடுக்குமாகச் சட்டங்கள் பரப்பி, ஆடுபவர் காலுக்கு இணங்கி இம்மியளவு தாழ்ந்து எழும்படி அமைத்தது அது. சிகாகோவில் கார்சாஸ் சகோதரர்கள் 1926-இல் அரகான் பால்ரூம் என்ற நடன அரங்கைத் திறந்தபோது தரைக்கு அடியில் தக்கையும் ஃபெல்ட் என்ற அழுத்திய கம்பளியும் சுருள்வில்லும் வைத்தார்கள். டெட்ராய்ட்டில் 1929-இல் கட்டிய வேனிட்டி பால்ரூமிலும் சுருள்வில்தான். சிற்றூர் அரங்குகளுக்கு அவ்வளவு வசதி இல்லாவிட்டாலும், ஊர்த் தச்சர்கள் மரச்சட்டங்களைக் கொண்டே அந்த இணக்கத்தைக் கொண்டுவந்தார்கள். நம் அரங்கின் தரையும் அப்படி அமைந்ததே.

ஆயிரம் ஜோடி ஷூக்கள் மிதித்தாலும் மேப்பிளுக்கு ஒன்றும் ஆகாது. தண்ணீர்தான் பகை. நனைந்த பட்டை அகலவாக்கில் உப்பும். விரிய இடமில்லாமல் ஓரங்கள் நிமிரும். நாள்பட்டால் தரை கூடாரம்போல் எழும்பி நிற்கும். சுவருக்குள் ஊறிய நீர் உறைந்து விரியும், உருகும், திரும்பவும் உறையும். அது என்ன செய்யும் என்பது ஒவ்வொரு வசந்தத்திலும் சாலைக் குழிகளை அடைக்கிற மன்றத்துக்குத் தெரியாததா? ஒரு குளிர்காலம் இந்த ஓட்டையோடு கழிந்தால், இடிக்கலாமா என்று வாக்கெடுக்கும் வேலைகூடத் தங்களுக்கு மிஞ்சாது.

நான் தொழிலால் பிசியோதெரபிஸ்ட். முழங்கால், இடுப்பு மாற்றுச் சிகிச்சை முடிந்து வரும் முதியவர்களை மறுபடி நடக்க வைப்பது என் வேலை. என்னிடம் வருகிறவர்களில் பலர் ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் நடனத்துக்குப் போகிறவர்கள். வால்ட்ஸ், ஃபாக்ஸ்டிராட், நடுவில் போல்கா என்று எல்லாம் ஜோடி நடனங்கள். வாத்தியக்காரர்களும் அதே வயதுக்காரர்கள். அரங்கைப் பூட்டிய பிறகு அந்த நடனம் ஒரு தேவாலயத்தின் அடித்தளக் கூடத்துக்கு மாறியிருக்கிறது. இடம் கொடுத்தவர்களுக்கு நன்றி. ஆனால் அங்கே சிமென்ட் தரைமேல் வினைல் ஒட்டியிருக்கிறார்கள். சிமென்ட் எதையும் வாங்கிக்கொள்ளாது. காலை ஊன்றும் ஒவ்வொரு முறையும் அந்த விசை முழங்காலுக்கும் இடுப்புக்குமே திரும்புகிறது.

எண்பது வயதைத் தாண்டிய ஒரு அம்மா இருக்கிறார். பெயர் சொல்ல மாட்டேன். தங்களில் சிலருக்கே அவரைத் தெரிந்திருக்கும். பழைய தரையில் ஒரு மணி நேரம் வால்ட்ஸ் ஆடிவிட்டு, மறுநாள் என் அறைக்கு வலி இல்லாமல் நடந்து வருவார். அடித்தளக் கூடத்தில் முதல் வாரம் இரண்டு பாட்டுக்கு ஆடினார். அடுத்த வாரம் ஒன்று. இப்போது கோட்டைக்கூடக் கழற்றாமல் ஓரமாக உட்கார்ந்து கேட்டுவிட்டுக் கிளம்பிவிடுகிறார். நான் சொல்லிக்கொடுக்கும் பயிற்சியெல்லாம் அந்த ஒரு மணி நேரத்துக்கு ஈடாகாது என்பதை என் தொழிலறிவோடு சொல்கிறேன். ஒருவரோடு கைகோத்து, தாளத்துக்குக் கால் மாற்றி, அரங்கைச் சுற்றி வருவதில் சமநிலையும் மூச்சும் நினைவும் சேர்ந்து வேலை செய்கின்றன. கூட்டத்தில் "பயன்பாடு இல்லாத கட்டடம்" என்று பதிவு செய்தீர்கள். அதைப் பயன்படுத்தியவர்களால் படியேற முடியாத மாடி அறையில் கூட்டம் நடத்தினால், அவர்கள் வந்து மறுப்பது எப்படி?

இது நம் ஊரில் மட்டும் நடப்பதல்ல. அதே கார்சாஸ் சகோதரர்கள் 1922-இல் பால் வைட்மன் இசைக்குழுவோடு திறந்த டிரையனான், சிகாகோவில் 1967-இல் இடிக்கப்பட்டது. 1941-இல் இசைக்குழுத் தலைவர் கிளென் மில்லர் வந்து தொடங்கிவைத்த செயின்ட் பால் நகரின் பிராம் பால்ரூம் 1987-இல் போயிற்று. என்னை அதிகம் உறுத்துவது டெட்ராய்ட்டின் கிரேஸ்டோன். 1922-இல் வுட்வார்ட் அவென்யூவில் எழுந்தது. ஜீன் கோல்ட்கெட் ஜாஸ் இசைக்குழுவின் வீடு அது. பிக்ஸ் பைடர்பெக் அங்கே டிரம்பெட்டின் தம்பியான கார்னெட்டை ஊதினார். மெக்கின்னிஸ் காட்டன் பிக்கர்ஸ் என்ற கறுப்பினக் குழு மேடையில் வாசித்தது; ஆனால் கறுப்பின மக்கள் ஆட வருவதற்குத் திங்கள் இரவு மட்டுமே ஒதுக்கியிருந்தார்கள். பிற்காலத்தில் மோட்டவுன் இசைத்தட்டு நிறுவனத்தைத் தொடங்கிய பெரி கோர்டி அதை வாங்கினார். பின்பு மூடிக் கிடந்தது. 1974-இல் ஜேம்ஸ் ஜென்கின்ஸ் என்ற பேருந்து ஓட்டுநர் கிரேஸ்டோன் பெயரிலேயே ஒரு ஜாஸ் அருங்காட்சியகம் தொடங்கினார். பெயரைக் காத்தார், கட்டடத்தைக் காக்கும் அதிகாரம் அவரிடம் இல்லை. 1980-இல் இடித்துவிட்டார்கள்.

திங்கள் இரவு பற்றி ஏன் சொல்கிறேன் என்றால், இந்த அரங்குகளைப் பொற்காலக் கோயில்களாகக் காட்ட எனக்கு விருப்பமில்லை. மேடையில் கைதட்டல் வாங்கிய கலைஞருக்கு அதே ஊரில் படுக்க அறை கிடைக்காத காலம் அது. ஒமாஹாவின் ஜூவல் கட்டடத்தில் டிரீம்லாண்ட் பால்ரூம் இருந்ததே, கறுப்பின மக்கள் தங்களுக்கென்று ஒரு தரை வேண்டும் என்ற நிலையில்தான். யார் எந்த வாசலில் நின்றார்கள், யார் வெளியே நிறுத்தப்பட்டார்கள் என்பதைக் கட்டடத்தோடு சேர்த்துக் காட்டினால்தான் பிள்ளைகளுக்குப் புரியும். கட்டடத்தை இடித்தால் அந்தச் சாட்சியமும் போகும்.

சிற்றூரில் என்ன பெரிய வரலாறு என்று நினைப்பவர்களுக்கு ஃபார்கோவைச் சொல்ல வேண்டும். 1940 நவம்பர் 7 இரவு, வடக்கு டகோட்டாவின் அந்த ஊரில், கிரிஸ்டல் பால்ரூமில் ஜாஸ் மேதை டியூக் எலிங்டனின் குழு ஒரு சாதாரண நடன நிகழ்ச்சிக்கு வாசித்தது. ஜாக் டவர்ஸ், டிக் பரிஸ் என்ற இரு இளைஞர்கள் அனுமதி வாங்கி, கையோடு கொண்டுவந்த இயந்திரத்தில் அதை இசைத்தட்டுகளில் பதிந்தார்கள். ஜிம்மி பிளாண்டனின் பேஸும் பென் வெப்ஸ்டரின் சாக்ஸஃபோனும், ஆடும் கூட்டத்தின் இரைச்சலோடு அதில் பதிந்திருக்கின்றன. 1978-இல் அது வெளிவந்தது; பிறகு கிராமி விருதும் பெற்றது. வாரநாள் இரவொன்றில், தூரத்து ஊர் ஒன்றில் அந்தக் குழு அப்படி வாசித்திருக்கிறது. நம் அரங்கில் வாசித்ததை யாரும் பதிந்து வைக்கவில்லை. நம்மிடம் மிஞ்சியிருப்பது தரையும் மேடையும்தான்.

காப்பாற்ற முடியாது என்பதை நான் ஏற்க மாட்டேன். நம் அயோவாவிலேயே கிளியர் லேக்கின் சர்ஃப் பால்ரூம் இருக்கிறது. 1933-இல் திறந்தது, 1947-இல் எரிந்தது, 1948-இல் சாலைக்கு எதிர்ப்பக்கம் மறுபடி கட்டினார்கள். 1959 பிப்ரவரி 2 இரவு ராக் பாடகர்களான பட்டி ஹாலியும் ரிச்சி வாலன்ஸும் பிக் பாப்பரும் விமான விபத்தில் இறப்பதற்கு முன் கடைசியாகப் பாடியது அங்கேதான் என்பதால் உலகமே அறியும். 2021-இல் தேசிய வரலாற்றுச் சின்னமாயிற்று. அப்படிப் புகழ்பெற்ற இரவு நம் அரங்குக்கு இல்லையே என்பீர்கள். இண்டியானாபொலிஸின் இண்டியானா ரூஃப் பால்ரூமுக்கும் இல்லை. 1927-இல் திறந்து, 1971-இல் மூடி, 1986-இல் புதுப்பித்துத் திறந்தார்கள். செயின்ட் லூயிஸின் காசா லோமா பால்ரூமில் இன்றும் ஆடுகிறார்கள். அந்த ஊர்களில் எல்லாம் யாரோ சிலர் கட்டடத்தைக் காக்க முன்வந்தார்கள்.

பணமில்லை என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். புல் வெட்டாத வீட்டுக்கு அறிவிப்பு அனுப்பி, அப்படியும் வெட்டாவிட்டால் ஆள் வைத்து வெட்டி, அந்தச் செலவைச் சொத்தின் மேல் ஏற்றுகிறீர்கள். ஒரு வீட்டின் புல்லுக்குக் காட்டுகிற கண்டிப்பை, ஊருக்கே பொதுவான ஒரு கூரைக்கு ஏன் காட்டவில்லை? வரலாற்று இடங்களின் தேசியப் பதிவேட்டில் பெயர் ஏறினாலும், தனியார் உரிமையாளர் தன் பணத்தில் இடிப்பதை அது தடுக்காது. தடுக்கும் அதிகாரம் இருந்தால் அது தங்களிடம்தான் இருக்கிறது. பின்னால் யாராவது முறையாகப் புதுப்பித்து வருமானம் தரும் இடமாக நடத்த முன்வந்தால், மத்திய அரசு அந்தப் புதுப்பிப்புச் செலவில் 20 விழுக்காட்டை வரியில் கழித்துக்கொள்ள விடுகிறது. மாநிலத்திலும் அதற்கெனத் திட்டம் உண்டு. நனைந்து இடிந்த கட்டடத்துக்கு அதைக் கேட்டு யாரும் வர மாட்டார்கள்.

எனக்குக் கோபம் வருவது இங்கேதான். ஊருக்கு வெளியே வரும் ஒவ்வொரு கடைத் தொகுதிக்கும் வரிச்சலுகை தர விரைகிறோம். நடுவூரில் முதியவர்களும் இளையவர்களும் ஒரே கூரையின் கீழ் கூடிய ஒரே இடத்தைக் கவனிக்காமல் விட்டு, அது தளர்ந்ததும் ஆபத்தான கட்டடம் என்று பெயரிட்டு, அந்தப் பெயரையே இடிப்பதற்குக் காரணமாக்குகிறோம். பள்ளிக்கூடம் போயிற்று, ரயில் நிலையம் போயிற்று, திரையரங்கு போயிற்று. பிறகு பிள்ளைகள் இந்த ஊரில் ஏன் தங்குவதில்லை என்று ஆலோசகர்களுக்குப் பணம் கொடுத்து அறிக்கை வாங்குகிறோம்.

குரல் உயர்ந்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். தாங்கள் சம்பளம் பெரிதாக இல்லாத பதவியில் மாலை நேரங்களைக் கொடுத்து உழைக்கிறவர்கள் என்பது எனக்குத் தெரியும்.

அடுத்த கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் வாகன நிறுத்துமிடத்துக்கு முன்பாக இதை வையுங்கள்: கூரையை உடனே மூட உரிமையாளருக்கு உத்தரவு, அவர் செய்யாவிட்டால் மன்றமே மூடிச் செலவை வசூலிப்பது, தரையை அறிந்த ஒரு கட்டமைப்புப் பொறியாளர் பார்த்து எழுதும்வரை இடிப்பு அனுமதி இல்லை. கூட்டத்தைத் தரைத்தளத்தில் வைத்தால், என்னிடம் சிகிச்சைக்கு வருகிறவர்களை நானே அழைத்து வருகிறேன். தார்ப்பாய் விரிக்கவும் உள்ளே தேங்கிய நீரை வெளியேற்றவும் ஆட்கள் தயாராக இருக்கிறார்கள். சாவி மட்டும் வேண்டும். இந்த ஆண்டுப் பனிக்கு முன் கூரையை மூடித் தாருங்கள் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் ஊரில் வரி செலுத்தும் ஒரு பிசியோதெரபிஸ்ட்