நெடுந்தீவுக் குசினிக்கும் கொழும்பு விலை: ஒரு திறந்த மடல்

வெள்ளவத்தை, கொழும்பு

எரிசக்தி அமைச்சுக்கும் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைக்கும்,

வணக்கம்.

மன்னார்க் கடலில் எரிவாயு என்று செய்தி வரும்போதெல்லாம், வெள்ளவத்தையில் இருக்கும் எங்கள் நெடுந்தீவு (யாழ்ப்பாணத்துக்கு அப்பால் கடலில் கிடக்கும் தீவு) ஆட்களுக்குள் ஒரு பேச்சுக் கிளம்பும். "எங்கட கடலில கேஸ் இருக்கு, பைப் போட்டு நேரே குசினிக்கு விடலாமே?" என்று யாராவது தொடங்குவார். 2011இல் டொராடோ, பராகுடா என்ற இரண்டு கிணறுகளில் எரிவாயு கண்டார்கள். இன்றுவரை ஓர் அடுப்பும் அதில் எரியவில்லை. நெடுந்தீவைச் சுற்றியிருக்கும் பாக்கு நீரிணையே எண்ணெயும் எரிவாயுவும் தேடப்படும் காவிரி வடிநிலத்தின் மேல்தான் கிடக்கிறது என்பது இந்தப் பேச்சுக்கு இன்னும் எண்ணெய் ஊற்றும்.

நான் குழாய் கேட்டு இதை எழுதவில்லை. ஏறத்தாழ நாலாயிரம் பேர் வாழும் ஒரு தீவுக்குக் கடலடியில் குழாய் போடுங்கள் என்று கேட்பது நேரத்தை வீணாக்கும் வேலை. இயற்கை எரிவாயு என்பது பெரும்பாலும் மீதேன். சாதாரண வெப்பநிலையில் எவ்வளவு அழுத்தினாலும் அது திரவமாகாது. ஒன்றில் குழாயில் வரவேண்டும், இல்லாவிட்டால் பூச்சியத்துக்குக் கீழே 162 பாகைவரை குளிரூட்டிச் சுமார் அறுநூறில் ஒரு பங்காகச் சுருக்கிக் கப்பலில் கொண்டுவரவேண்டும். இரண்டுக்கும் பெரிய வாடிக்கையாளர் தேவை. நாட்டுக்கு வந்தாலும் அது முதலில் போகுமிடம் கொழும்புக்கு அருகே கெரவலப்பிட்டிய மின்நிலையங்கள்தான். அதில் எனக்குக் குறையில்லை. சிலிண்டரில் வரும் புரொப்பேனும் பியூட்டேனும் சும்மா அழுத்தினாலே திரவமாகிவிடும். அதனால்தான் அதைத் தோளிலும் படகிலும் கொண்டுபோக முடிகிறது. சின்ன ஊருக்குச் சிலிண்டர்தான் குழாய். சரி, அந்தக் குழாயையாவது ஒழுங்காகப் போடுங்கள் என்பதுதான் என் கோரிக்கை.

ஒரு சிலிண்டர் எங்கள் ஊருக்கு எப்படிப் போகிறது என்று பாருங்கள். தெற்கிலிருந்து லொறியில் யாழ்ப்பாணம். அங்கிருந்து வேலணை, புங்குடுதீவு தாண்டிக் குறிகட்டுவான் இறங்குதுறை. பிறகு ஒரு மணித்தியாலக் கடல். நெடுந்தீவு மாவிலித்துறையில் இறக்கி லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்திலோ ஓட்டோவிலோ வீடு. ஒவ்வொரு இடத்திலும் ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி. வெறும் சிலிண்டரும் இதே வழியில் திரும்பவேண்டும். அந்த இரும்பின் எடையே உள்ளிருந்த வாயுவின் எடைக்குக் கிட்டத்தட்டச் சமன். அடிக்கடி இது பயணிகளோடு பயணிகளாகப் போகிறது. அந்த ஆபத்தை உங்களுக்கு விளக்கத் தேவையில்லை.

இப்போது விலை. எரிவாயு விலை மாறும்போது செய்தியில் வருவது கொழும்பு மாவட்ட விலை. மற்ற மாவட்டங்களுக்குத் தூரத்தைப் பொறுத்துக் கூடும். அந்தப் பட்டியலும் மாவட்டத்தோடு நின்றுவிடுகிறது. கடலைத் தாண்டும் செலவு அதில் இல்லை. 2022 ஏப்ரலில் கொழும்பிலேயே 12.5 கிலோ சிலிண்டர் 4,860 ரூபாய்க்குப் போனபோது இங்கே வரிசையும் கூச்சலும் நாடு முழுவதும் தெரிந்தது. தீவுக்காரர் பேசாமல் அடுப்பெரிக்கப் பனைமட்டைக்கும் ஊமலுக்கும் திரும்பினார்கள். அவர்கள் சமாளித்துவிடுவார்கள் என்ற நினைப்பு அப்போதிலிருந்து உங்களுக்கும் வந்துவிட்டதோ என்று எனக்கு ஒரு சந்தேகம். புகையில் இருமுவது சமாளிப்பு அல்ல.

இதற்கு முன்னுதாரணம் உங்கள் கையிலேயே இருக்கிறது. நெடுந்தீவு தேசிய மின்கட்டமைப்பில் இல்லை. டீசல் இயந்திரத்தில்தான் மின்சாரம். அதை உற்பத்தி செய்ய ஆகும் செலவு கொழும்பை விட எவ்வளவோ கூட. ஆனாலும் ஊர்க்காரர் கட்டுவது நாடு முழுவதற்குமான அதே கட்டணம். தபால் முத்திரையும் அப்படித்தான்: இங்கிருந்து தெஹிவளைக்கும் நெடுந்தீவுக்கும் ஒரே விலை. மின்சாரத்துக்கும் கடிதத்துக்கும் பொருந்தும் நியாயம் சோற்றுப் பானைக்குப் பொருந்தாதா? தீவுகளின் படகுச் செலவை நாட்டில் விற்கும் எல்லாச் சிலிண்டர்களிலும் பரவவிட்டால் தலைக்கு எவ்வளவு விழும் என்று உங்கள் கணக்காளரிடம் கேளுங்கள். வெள்ளவத்தையில் என் பங்கை நான் கட்டத் தயார்.

மின் அடுப்பு வாங்கலாமே என்று சிலர் சொல்வார்கள். டீசலை எரித்து மின்சாரம் எடுக்கும்போதே பெரும்பகுதி வெப்பமாகப் போய்விடுகிறது. மிச்சத்தைக் கம்பியில் அனுப்பித் திரும்ப வெப்பமாக்கிச் சோறு பொங்குவது எந்தக் கணக்கிலும் லாபமில்லை. இந்திய உதவியில் சூரிய ஒளியும் காற்றும் கலந்த மின்திட்டம் முழுமையாக இயங்கும் நாளில் அதைப் பேசலாம்.

வாடைக்காற்றுக் காலம் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். கார்த்திகை, மார்கழியில் கடல் கொந்தளித்தால் படகு நிற்கும். படகு நின்றால் கேஸ் நிற்கும். ஐப்பசிக்கு முன்பே இரண்டு மாதத் தேவைக்குரிய சிலிண்டர்களைத் தீவில் வைத்திருக்க, குடியிருப்புக்குத் தள்ளி, காற்றோட்டமான, பூட்டிய ஒரு களஞ்சியம் வேண்டும். சரக்குக்கென்று தனிப் படகுச் சேவை, கிழமைக்கு ஒரு தரமாவது வேண்டும்.

அப்புறம் ஒரு யோசனை. நான் இருக்கும் தொடர்மாடியில் யாரும் சிலிண்டர் தூக்குவதில்லை. கீழே ஓர் அறையில் பெரிய சிலிண்டர்கள், அங்கிருந்து வீட்டுக்கு வீடு குழாய், ஆளுக்கொரு மீற்றர். கொழும்புக்கு இது புதிதும் அல்ல. நிலக்கரியில் எடுத்த வாயுவில் இங்கே தெருவிளக்கு எரிந்த காலம் உண்டு. புறக்கோட்டையில் காஸ் வேர்க்ஸ் வீதி என்று பெயர்கூட மிஞ்சியிருக்கிறது. இந்த ஏற்பாட்டை நெடுந்தீவு வைத்தியசாலையிலும் ஒரு பாடசாலைச் சமையலறையிலும் பரீட்சித்துப் பாருங்கள். வீடுகள் தள்ளித் தள்ளி இருக்கும் ஊர் என்பதால் வீட்டுக்கு வீடு சரிவராது, அது தெரியும். இன்னொன்று: இந்தச் சிலிண்டர் வாயு கசிந்தால் மேலே போகாது, தரையில்தான் தேங்கும். ஆகவே பொருத்துபவரும் பழுதுபார்ப்பவரும் ஊர் ஆட்களாக இருக்க, அவர்களுக்குப் பயிற்சி கொடுங்கள். ஒரு றெகுலேற்றர் பழுதானால் குறிகட்டுவானிலிருந்து ஆள் வரும்வரை காத்திருக்க முடியாது.

அடுத்த விலைப் பட்டியலில் தீவுகளுக்கென்று ஒரு நிரை சேர்த்து, அதில் கொழும்பு விலையைப் போடுங்கள். முடியாது என்றால் ஏன் என்று கணக்கோடு எழுதுங்கள். பதிலை எனக்கு அனுப்பவேண்டாம். நெடுந்தீவுப் பிரதேச செயலகத்துக்கு அனுப்பினால், அறிவித்தல் பலகையில் ஒட்டுவார்கள்.

இப்படிக்கு,
வெள்ளவத்தையில் குடியிருக்கும் நெடுந்தீவான் ஒருவன்